ஒன்றேகால் காற்று

ஒடிரிலேயின் மனைவி கொமோட்சோவுக்கு அந்த வண்டி இரண்டே இரண்டு முறைதான் உண்மையாகத் தேவைப்பட்டது. முதல் முறை தேவைப்பட்டபோது அதற்குப் பின்சக்கரமே இல்லை. இரண்டு டீசல் டிரம்களின் மேல் புட்டத்தை ஏற்றி வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றது. இரண்டாம் முறை, இந்த வெள்ளிக்கிழமை. மஹுட்லே ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து அவளை எடுத்து, நூற்றிருபது கிலோமீட்டர் கலஹாரி மணலைத் தாண்டி, பொழுது சாய்வதற்குள் மொட்லோபியில் அவள் வீட்டுக்குள் கிடத்த வேண்டும்.

மொட்லோபியில் முறை அது. சனிக்கிழமை விடியலில் புதைப்பார்கள். அதற்கு முந்தின ராத்திரி செத்தவர் தன் கூரைக்குக் கீழே ஒரு பொழுது கிடக்க வேண்டும். சூரியன் விழுந்த பிறகு வருகிற உடலுக்குக் கதவைத் திறக்க மாட்டார்கள். வேலிக்கு வெளியே வண்டியிலேயே கிடக்கும், விடிந்ததும் அங்கிருந்து நேரே குழிக்குப் போகும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மேய்ப்பனுக்கு அப்படி நடந்தது. இன்றைக்கும் அவன் பெயரைச் சொல்லாமல், "வெளியே கிடந்தவன்" என்றுதான் ஊர் சொல்கிறது.

அதனால் அன்றைக்கு ஒடிரிலேயின் மண்டைக்குள் ஒரே எண்ணம்தான் இருந்தது. ஆறே கால் மணிக்குச் சூரியன் விழும். அதற்குள் போய்விட வேண்டும். துக்கம் என்று ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு ஒன்றுமே இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்படித்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான், உட்கார் என்றால் உட்கார்ந்தான். பிரார்த்தனைக்கு வந்த பெண்கள் அவனைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. ஒடிரிலேவுக்கு ஊரின் ஆழ்குழாய்க் கிணற்று எஞ்சினை ஓட்டும் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கால்நடை இலாகா கழித்துப்போட்ட பழைய லேண்ட் குரூசர் பிக்கப் ஒன்றை அரசு ஏலத்தில் எடுத்தான். நல்ல வண்டி. எடுத்த அன்றைக்கே அது எந்த மணலிலும் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்காக ஒவ்வொன்றாய் ஏற்றினான். முன்னால் இரும்பு பம்பர். அதன் மேல் இழுவை வின்ச். கட்டி இழுக்க நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு மரம்கூட ஒழுங்காய்க் கிடைக்காத சீமையில் வின்ச். மழை வருஷத்துக்கு நாலு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊரில், ஆறு கடக்கிற வண்டிக்கு வைக்கிற மூச்சுக்குழாயை வாங்கி மாட்டினான். கேட்டால், புழுதிக்கு நல்லது என்றான். தலைக்கு மேல் இரும்புக் கேரியர், அடியில் இரண்டாவது டீசல் டாங்க், பின்னால் இழுப்பறைப் பெட்டி, குளிர்ப்பெட்டி.

வண்டிப் பைத்தியம் பிடித்த எந்த ஆண்பிள்ளையும் தனக்காக ஒன்றும் வாங்கியதில்லை. எல்லாம் பெண்டாட்டிக்காகத்தான். குளிர்ப்பெட்டி கொமோட்சோவின் பாலுக்கு. கேரியர் அவள் விறகுக்கு. கடைசியாக வாங்கிய கனத்த பின்ஸ்பிரிங் பட்டைகள் அவள் இடுப்புக்கு. பழைய பட்டை தூக்கிப் போடுகிறது, உனக்கு இடுப்பு வலிக்கிறது, புதுசு போட்டால் மெத்தை மாதிரி இருக்கும் என்று அவளிடம் சொன்னான். கனத்த பட்டை சுமைக்குத்தான் நல்லது, வெறும் வண்டியில் அது இன்னும் முரட்டுத்தனமாய்த் தூக்கிப் போடும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னான். அவள் நம்பினாள். ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

பழைய பட்டையைக் கழற்றிப் போட்ட பிறகுதான், புதுப் பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்க வந்த வளைபோல்ட்டுகள் வேறு அளவு என்று தெரிந்தது. சரியானது லாரியில் வர வேண்டும். அந்த வியாழக்கிழமைதான் கொமோட்சோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளி, சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி வந்தது. அதன் முன்சீட்டில் அவளை ஏற்றி, அவளுடைய அக்கா மொசிடி கூடப் போனாள். ஒடிரிலே போகவில்லை. போல்ட் வந்ததும் மாட்டிக்கொண்டு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமைதான் போல்ட் வந்தது. ராத்திரியெல்லாம் மாட்டி, செவ்வாய் விடியலில் கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்தான். காலையிலேயே அவள் போய்விட்டிருந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மனைவியை இழந்தவன் அடக்கம் முடியும்வரை வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. ஆனால் வருவதாகச் சொன்ன லாரி வேறு சாவுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை என்றால் நாடு முழுக்க லாரிகள் பிணம் சுமக்கிற நாள். ஒடிரிலேயின் வண்டியை வேறு யார் ஓட்டினாலும் இரண்டாம் கியருக்கு மேல் போகாது, அந்த கியர்பெட்டியின் குணம் அப்படி. கொமோட்சோவின் தாய்மாமன் மொகாலேதான் எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டியவர். ஒல்லியாய், கோட்டுப் போட்டுக்கொண்டு, அக்டோபர் வெயிலிலும் தொப்பியைக் கழற்றாத மனிதர். அவர் யோசித்துவிட்டு, ஓட்டு, ஆனால் அதற்குப் பிறகு மாதக் கணக்கில் அந்தச் சாவி உன் கையில் இருக்காது என்றார். ஒடிரிலே தலையை ஆட்டினான்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தால், பிணவறையில் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் குறைந்தது. போட வேண்டியவர் பத்தரைக்குத்தான் வந்தார். சவப்பெட்டியை ஏற்றிக் கிளம்பும்போது மணி பதினொன்று. ஒடிரிலேவுக்குக் கோபம்கூட வரவில்லை. கணக்கு மட்டும் மாறியது. காலையில் மணல் குளிர்ந்து இறுகிக் கிடக்கும், டயரில் காற்று கொஞ்சம் அதிகமிருந்தாலும் வண்டி மேலேயே போகும். வெயில் ஏற ஏற மணல் உதிர்ந்து, காலுக்கடியில் மாவாகிவிடும். காலைக்கு வைத்த காற்று மதியத்துக்கு உதவாது.

மஹுட்லேயின் கடைசி வீட்டைத் தாண்டி, சரளை ரோடு முடிந்து மணல்தடம் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான். ரோட்டுக்குப் பின்டயரில் மூன்று பார் அழுத்தத்துக்குக் காற்று இருந்தது. ஒரு காலை மண்டியிட்டு, காற்றளக்கும் கேஜை வைத்துப் பார்த்து, குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினான். பின்னால் ஒன்றரை, முன்னால் ஒன்றேகால். மொகாலே மாமா பக்கத்தில் நின்று, இன்னும் இறக்கு என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், இறக்காதே, முள் குத்தும் என்றார். இன்னொருவர், தன் மச்சான் ஒரு பாரில் எல்லைவரை போய் வந்ததாகச் சொன்னார். காற்று விஷயத்தில் அந்தச் சீமையில் எல்லாரும் நாட்டாமை. ஒடிரிலே நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தான். டயர் சூடாயிருக்கும்போது கேஜ் காட்டுவது கொஞ்சம் கூடுதல், அதைக் கழிக்க வேண்டும். கழித்தான். அந்தக் கேஜின் முள் ஒன்றுதான் அப்போது அவனுக்கு உலகத்தில் தெளிவாய்த் தெரிந்தது.

மொசிடி பின்னால் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அதன் மேல் ஒரு கையை வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் ஒடிரிலேயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைப் பார்ப்பதுமில்லை. காரணம் அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தான். நாளைக் காலை குழியின் ஓரத்தில் நின்று, நோய் எப்படி வந்தது, எப்படி வளர்ந்தது, உயிர் எப்படிப் போனது என்று ஊருக்குச் சொல்வது கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் கடமை. ஒன்றையும் மறைக்கக் கூடாது என்பார்கள். மொசிடிதான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை வலி வந்தது, வண்டி டிரம் மேல் நின்றது என்றுதான் அவள் தொடங்குவாள். தொடங்கட்டும் என்றிருந்தது அவனுக்கு. பயமும் இல்லை, வெட்கமும் இல்லை.

முதல் முப்பது கிலோமீட்டர் நன்றாகவே போயிற்று. காற்று இறங்கிய டயர் மணல் மேல் தளர்ந்து உருண்டது. குழியில் விழுந்தாலும் வண்டி தூக்கிப் போடவில்லை. பின்னால் பெட்டி அசையாமல் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவனுக்கு, திடீரென்று ஒன்று உறைத்தது. இதுதான் அந்த மெத்தை. எந்த ஸ்பிரிங் பட்டையும் வேண்டியதில்லை. ஒன்பது வருஷமும் அவள் ஏறும்போதெல்லாம் கீழே இறங்கி, நாலு டயரிலும் ஒரு நிமிஷம் காற்றை இறக்கியிருந்தால் போதும், அவள் இடுப்பு வலிக்காமல் வந்திருப்பாள். பைசா செலவில்லை. ஆனால் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டுமே என்று சோம்பல். இதை நினைத்தபோது நெஞ்சில் ஏதாவது அசையும் என்று காத்திருந்தான். ஒன்றும் அசையவில்லை. மூன்றாம் கியர் மாற்றினான்.

லெரோலே என்ற குடியிருப்பில் வேலியோரம் ஜனங்கள் மூட்டையோடு நின்றார்கள். அங்கேதான் வினை ஏறியது. பிணத்தோடு வருகிறேன் என்று கை காட்டியவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது, ஏறியவரை வழியில் இறக்கவும் கூடாது. செத்தவருக்கு வழித்துணை அவர்கள். துணையை மறுத்தால் செத்தவர் பாதியில் நின்றுவிடுவார் என்பது அந்தச் சீமை நம்பிக்கை. நம்பிக்கையோ இல்லையோ, அதை மீற எந்த டிரைவருக்கும் தைரியம் வந்ததில்லை. எட்டுப் பேர் ஏறினார்கள். சபைப் பாட்டுக்காரி மா-செலோ ஒருத்தியே இரண்டு பேர் கனம். அவள் ஏறியதும் பின்டயர் பிதுங்கியதை ஒடிரிலே இறங்கிப் பார்த்தான்.

மா-செலோ அதைக் கவனித்துவிட்டாள். "என்னப்பா, டயரப் பாத்துட்டு என்னப் பாக்குற? சொல்லிடு. நான் வேணா நடந்து வர்றேன், திங்கக்கெழம வந்து சேர்றேன்."

மொகாலே மாமா, நடக்க வேண்டாம், பாடாமல் வந்தால் போதும், கனம் பாதி குறையும் என்றார். செத்த வீட்டு வண்டியிலும் சிரிப்பு எழுந்தது. மொசிடி சிரிக்கவில்லை. ஒடிரிலே பின்டயரை ஒன்றேகாலுக்கு இறக்கினான். சுமை கூடினால் காற்று கூட வேண்டும், மணலுக்கோ காற்று குறைய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றேகால் என்பது ஒரு சமாதானம். அதற்குக் கீழே போனால் இந்தக் கனத்தில் டயரின் பக்கச்சுவர் மடிந்து, தடத்தோரத்துக் கட்டைகள் கிழித்துவிடும்.

அடுத்த குடியிருப்பில் இன்னும் நாலு பேர். எள் போட்டால் கீழே விழாது. பெட்டியைச் சுற்றி முழங்கால்கள், மடியில் சட்டிகள், ஒரு கோழி. அங்கிருந்து கிளம்பி ஆறாவது கிலோமீட்டரில் ஒரு கட்டை இடது பின்டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. எல்லாரும் இறங்கினார்கள், மாற்றுச் சக்கரத்தைப் போட்டான், எல்லாரும் ஏறினார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று. இனி மாற்றுச் சக்கரம் இல்லை.

மூன்றரை மணிக்கு, ஊருக்கு இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கையில், நீளமான ஒரு மணல்மேட்டில் பாதி ஏறி வண்டி நின்றது. பின்னால் எடுத்து மறுபடி வேகமாய் வந்தான், அதே இடத்தில் அமிழ்ந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். முள்செடியை வெட்டிச் சக்கரத்துக்கடியில் போட்டார்கள். வண்டி நாலடி போய், அச்சு மணலில் படிய உட்கார்ந்தது. எஞ்சின் சூட்டுமுள் சிவப்புக்குப் போனதும் அணைத்தான். இன்னும் மூன்று மேடு இருக்கிறது, இதைவிடப் பெரியவை. அரைக் கிணறு தாண்டிய கதையாகிவிட்டது.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், வெளியே கிடந்தவன் நினைப்பு எல்லாருக்கும் வந்துவிட்டது தெரிந்தது. மொகாலே மாமா முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"மாப்ளே, காத்த ஒண்ணுக்கு எறக்கு."

"கிழிஞ்சிரும் மாமா. போட வேற சக்கரம் இல்ல."

"அப்ப என்னதான் பண்றது? ஏறுன சனத்த எறக்க முடியாது. எம் மருமகளையும் எறக்க முடியாது."

ஒடிரிலே வண்டியைச் சுற்றி வந்தான். பாடகி, கோழி, பதினாறு உயிர், ஒரு பெட்டி. இதில் எதையும் குறைக்க முடியாது. அவன் முன்னால் வந்து நின்று பம்பரைப் பார்த்தான். பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து ஸ்பேனர் மூட்டையை எடுத்துப் பிரித்து, மணலில் படுத்து, பம்பரின் முதல் போல்ட்டில் கையை வைத்தான்.

என்ன செய்கிறான் என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் நாலு ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார்கள். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து நூற்றுப் பத்து கிலோ. அதை எப்போது, எந்த ஊரில், எத்தனை நாள் கெஞ்சி வாங்கினான் என்பதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது, வேறு யாரோ வாங்கியதைப் போல. நால்வரும் தூக்கிப் போய் முள்செடிக்குக் கீழே வைத்தார்கள். அடுத்துக் கேரியர். துருப்பிடித்த போல்ட் ஒன்று அசையவில்லை. சம்மட்டியால் அடித்து உடைத்தான். தன் வண்டியைச் சம்மட்டியால் அடிப்பவன் ஒடிரிலே என்பதை மொட்லோபிக்காரன் எவனும் நேரில் பார்க்காமல் நம்ப மாட்டான். மூச்சுக்குழாயில் கனம் ஒன்றுமில்லை, அதைக் கழற்ற வேண்டாம் என்று மாமா சொன்னார். அதையும் கழற்றினான். இரண்டாவது டாங்கிலிருந்த தொண்ணூறு லிட்டர் டீசலில் இருபதைக் கேனில் பிடித்துக்கொண்டு, மீதியோடு டாங்கையே இறக்கினான். இழுப்பறைப் பெட்டி, குளிர்ப்பெட்டி, உயரத் தூக்கும் ஜாக்கி, கிழிந்த சக்கரம் எல்லாம் போயிற்று.

ஜனங்கள் நிழலில்லாத மணலில் உட்கார்ந்து மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அது சாவுப் பாட்டு, ஆனால் ஸ்பேனரின் தாளத்துக்கு ஒத்துப்போயிற்று. வண்டியை விட்டு இறங்காதவள் மொசிடி மட்டும்தான். பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். வண்டி ஜாக்கியில் ஏறி இறங்கியபோதெல்லாம் பெட்டி நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முள்செடிகளுக்குக் கீழே சாமான்கள் வரிசையாய்க் கிடந்தன. ஒன்பது வருஷம். மொகாலே மாமா அதையெல்லாம் பார்த்துவிட்டு ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார், ஒடிரிலேயின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

நாலே முக்கால் மணிக்கு வண்டி ஏறக்குறைய ஏலத்தில் எடுத்த நாளைப் போல நின்றது. ஒடிரிலே மறுபடி கேஜை எடுத்தான். கனம் குறைந்ததால் இப்போது டயர் அவ்வளவு பிதுங்கவில்லை. பின்னால் ஒன்றேகாலையே வைத்துக்கொண்டான், முன்னால் ஒன்றுக்கு இறக்கினான். எல்லாரும் மேட்டின் உச்சிக்கு நடந்தார்கள். அவன் பெட்டியையும் மொசிடியையும் மட்டும் ஏற்றிக்கொண்டு, இரண்டாம் கியரில், ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்து ஏறினான். வண்டி ஒரு முறை தயங்கியது, பிறகு உச்சிக்கு வந்து நின்றது. ஜனங்கள் ஏறிக்கொண்டார்கள். மற்ற மூன்று மேட்டையும் யாரையும் இறக்காமலே தாண்டினான். மா-செலோ இப்போது வாய்விட்டுப் பாடினாள், யாரும் தடுக்கவில்லை.

மொட்லோபி வேலிக்குள் நுழைந்தபோது சூரியன் கீழ்க்கிளைகளில் இருந்தது. பெண்கள் வரிசையாய் வந்து வண்டிக்கு முன்னால் நடந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே பெட்டி கதவைத் தாண்டி உள்ளே போயிற்று. கொமோட்சோ தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மொகாலே மாமா கையை நீட்டினார். ஒடிரிலே சாவியைக் கொடுத்தான். பிறகு அவனை உள் அறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரோரம் பாயில் உட்கார வைத்தார்கள். சோளக்களியும் இடித்த கறியும் ஒரு தட்டில் வந்தது. செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது, இனி எண்ணிக்கொண்டிருக்கக் கையில் ஒரு எண்ணும் இல்லை.

மொசிடி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள். நாலு நாளில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு நோயச் சொல்றது என் மொற."

"தெரியும்க்கா. எல்லாத்தையும் சொல்லிருங்க. வண்டி டிரம் மேல நின்னத மறைக்க வேணாம். நீங்க எம்மேல கோவமா இருக்கீங்க, அது நியாயந்தான்."

"கோவமா?" மொசிடி தலையை ஆட்டினாள். "எனக்கு உன் மூஞ்சியப் பாக்கப் பயம் தம்பி. அதான் பேசல."

பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன ஆறாம் நாள், சனிக்கிழமை, டாக்டர் வந்து, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, தலைநகர் கபரோனேயில் வயிற்றை அறுக்க வேண்டும், ஆம்புலன்ஸ் தயாராய் நிற்கிறது என்றார். கொமோட்சோ போகமாட்டேன் என்றுவிட்டாள். டாக்டர் இரண்டு முறை வந்து சொன்னார். நர்ஸ் கெஞ்சினாள். அவள் கேட்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர் எனக்காக வண்டியில மெத்து மெத்துன்னு ஸ்பிரிங்கு போட்டுக்கிட்டு இருக்காரு, ரெண்டு நாள்ல வந்துருவாரு, அதுல போறேன், இந்தத் தகர டப்பாவுல என் வயிறு தாங்காதுன்னா. வார்டு பூராவும் சொன்னா. போகமாட்டேங்கறதுக்கு ஒரு காகிதத்துல கையெழுத்துக் கேட்டாங்க. அவளால பேனாவப் புடிக்க முடியல. நான்தான் அவ கையப் புடிச்சுப் போட வச்சேன். சாட்சிக்கு நானும் போட்டேன். எனக்குப் படிப்புக் கெடையாது, ஆனா அது என்ன காகிதம்னு தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். நீ வந்துருவேன்னு நானும் நம்பிட்டேன்."

வெளியே தேநீருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். மொசிடி எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணையும் மறைக்கக் கூடாதுங்கறாங்க. இத நாளைக்கு எப்படிச் சொல்லுவேன், சொல்லு."

ஒடிரிலே அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். இதைச் சொன்னால், கொமோட்சோ தன் புத்தியால் தானே செத்தாள், அக்காக்காரி கூட நின்று கையெழுத்துப் போட்டாள் என்று ஊர் சொல்லும். அதைச் சொல்லி முடிக்க அந்த ஊருக்கு ஒரு தலைமுறை ஆகும்.

"வண்டி டிரம் மேல நின்னுச்சு, புருஷங்காரன் கூடப் போகலன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திருங்க. அது பொய் இல்லையே."

"உன்னத்தான் பேசுவாங்க."

"பேசட்டும். காகிதம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்க்கா."

மொசிடி சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள், அடுத்த அறையில் பெட்டி இருந்தது. அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுது ஓய்ந்து அவள் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு கதவருகே போனபோது, அவளைக் கூப்பிட்டான். இத்தனை நாளில் தான் கேட்கவே கேட்காத ஒன்று அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அக்கா, அவளுக்கு ரொம்ப வலிச்சுதா?"

மொசிடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது அவள் முகத்தில் தெரிந்தது.

"ரொம்ப வலிச்சுது தம்பி," என்றாள்.

ஒடிரிலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, முதல்முறையாக அழுதான்.